வாரமும் காலாண்டும்: ஊதியக் காலக் கணக்கில் எல்லை வாரத்தின் இடம் – நாஞ்சில் நாட்டை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

ஏழு நாள் கொண்ட வாரம் மூன்று மாதம் கொண்ட காலாண்டுக்குள் எக்காலத்தும் ஒரே சீராக அடங்குவதில்லை. இதனால் ஒரு காலாண்டின் முடிவிலும் அடுத்ததன் தொடக்கத்திலும் கால் பதித்து நிற்கும் வாரம் ஒன்று உண்டாகிறது. இக்கட்டுரை அதனை 'எல்லை வாரம்' எனக் குறிக்கிறது. அவ்வாரத்து உழைப்பு எந்தக் கணக்கைச் சேரும் என்பதற்குச் சட்டங்களும் வழக்கங்களும் வெவ்வேறு விடைகளைத் தருகின்றன. அவ்விடைகளை விளக்குவதும், வாரக் கூலி பெறுவோரின் காப்பீட்டு உரிமையில் அவை எவ்வாறு படிகின்றன என்று காட்டுவதும் இதன் நோக்கம். கொல்லம் ஆண்டு வழங்கிய நாஞ்சில் நாட்டுப் பின்னணி ஒப்பீட்டிற்குக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: வாரக் கூலி, ஊதியக் காலம், காலாண்டு, எல்லை வாரம், கொல்லம் ஆண்டு, தொழிலாளர் அரசுக் காப்பீடு, நாஞ்சில் நாடு.

முன்னுரை

சுசீந்திரத்திற்கும் கன்னியாகுமரிக்கும் இடையே, அகத்தீசுவரம் வட்டத்தில் அமைந்த பேரூர் கொட்டாரம். 'கொட்டாரம்' என்னும் சொல் அரண்மனையையும் குறிக்கும். தானியக் களஞ்சியத்தையும் குறிக்கும். இப்பகுதியின் உழைப்புக்கு நெல்லே கூலியாக அளக்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது. கன்னிப்பூ, கும்பப்பூ என்னும் இரு போகங்களும் அறுவடை மாதத்தாலேயே பெயர் பெற்றவை. களத்தில் நெல் அளக்கப்படும் நாளே கூலி நாள். போகம்தான் ஊதியக் காலம். அங்கு வாரமும் இல்லை, காலாண்டும் இல்லை. ஆகவே ஒன்று மற்றொன்றில் அடங்குமா என்ற வினாவும் எழவில்லை.

இன்று நிலை வேறு. கட்டுரையாளர் வளர்ந்த கொட்டாரத்தில் சனிக்கிழமை மாலை என்றால் கடைத்தெருவின் நடையே மாறும். கொத்தனாரும் சித்தாளும் அன்றுதான் கூலி வாங்குவர். மாவட்டத்தின் முந்திரி ஆலைகளில் பருப்பு உடைத்தும் தோல் உரித்தும் தரம் பிரித்தும் பிழைக்கும் பெண்களுக்கும் வாரக் கணக்கே பழகிய கணக்கு. ஆனால் அவர்களைச் சூழ்ந்திருக்கும் நிறுவனங்கள் வாரத்தால் எண்ணுவதில்லை. நகைக் கடனும் மின் கட்டணமும் மாதத்தாலோ இரு மாதத்தாலோ கணக்கிடப்படுகின்றன. ஆலையின் வரிப் படிவங்கள் காலாண்டுக்கு ஒருமுறை செல்கின்றன. காப்பீட்டு உரிமை அரையாண்டு அளவில் முடிவாகிறது. கூலி ஓர் அளவுகோலிலும் உரிமை மற்றோர் அளவுகோலிலும் அளக்கப்படுகையில் இரண்டையும் இணைக்கும் விதி யாது என்பதே இக்கட்டுரையின் வினா.

சொற்கள் தரும் சில குறிப்புகள்

'கிழமை' என்னும் சொல்லின் பழம்பொருள் உரிமை என்பது. ஆறாம் வேற்றுமையின் பொருளாக இலக்கணிகள் கிழமைப் பொருளைக் கூறுவர். ஞாயிற்றுக்கிழமை என்பது ஞாயிற்றுக்கு உரிய நாள். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கோளை உடையவனாக்கிய இச்சொல், அந்த நாள் எந்தக் கணக்கிற்கு உரியது என்னும் நம் வினாவுக்கு ஏற்றதாகவே அமைந்துள்ளது. 'வாரம்' என்பது ஏழு நாளையும் சுட்டும். மேல்வாரம், குடிவாரம் என்னும் வழக்குகளில் விளைச்சலின் பங்கையும் சுட்டும். இவ்விரண்டும் வேர் வேறான சொற்களாகலாம். எனினும் உழைப்பவனுக்கு வாரம் என்பது பங்காகவும் தவணையாகவும் ஒலித்திருக்கும் எனக் கருத இடமுண்டு.

சம்பாவும் அளமும், அதாவது நெல்லும் உப்பும், சேர்ந்து 'சம்பளம்' ஆயிற்று என்னும் சொற்பிறப்பு மேடைகளில் பெரிதும் விரும்பிச் சொல்லப்படுகிறது. ஒரு புறம் வயலும் மறு புறம் புத்தளத்து உப்பளமும் உடைய இப்பகுதியினருக்கு அது இனிக்கத்தான் செய்யும். இனிமை மட்டும் சான்றாகாது.

'காலாண்டு' என்பதில் கால் என்பது நான்கில் ஒன்று என்னும் பின்னம். ஆண்டை நான்காக வகுத்தால் கிடைப்பது 91 நாளும் கால் நாளும். ஆனால் நாம் பின்பற்றும் காலாண்டு பின்னத்தால் அமைந்ததன்று. மூன்று மாதங்களைச் சேர்த்துக் கட்டியது. சிக்கல் இங்கிருந்தே தொடங்குகிறது.

பதின்மூன்று வாரமும் மிஞ்சும் நாளும்

பதின்மூன்று வாரம் 91 நாள். நான்கு பதின்மூன்று 52 வாரம், 364 நாள். ஆண்டுக்கு ஒரு நாளும், மிகுநாள் ஆண்டில் இரண்டு நாளும் மிஞ்சும். மிச்சம் சிறிதுதான், அது காலாண்டுகளுக்குள் சமமாகப் பங்கிடப்படாமையே தொல்லை. சனவரி முதல் மார்ச்சு வரை 90 நாள் (மிகுநாள் ஆண்டில் 91), ஏப்பிரல் முதல் சூன் வரை 91, சூலை முதல் செப்டம்பர் வரை 92, அக்டோபர் முதல் திசம்பர் வரையும் 92.

ஏப்பிரல்–சூன் காலாண்டில் எந்தக் கிழமையும் சரியாகப் பதின்மூன்று முறையே வரும். 92 நாள் காலாண்டு எந்தக் கிழமையில் தொடங்குகிறதோ அக்கிழமை பதினான்கு முறை வரும். ஏனைய ஆறும் பதின்மூன்று முறை. 90 நாள் காலாண்டில் தொடக்கக் கிழமைக்கு முந்தைய கிழமை பன்னிரண்டு முறையே வரும். ஆகவே வாரக் கூலி பெறும் ஒருவர் ஒரு காலாண்டில் பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு என மூன்று வகையாகவும் சம்பள நாள் காணலாம்.

இது ஏட்டுக் கணக்கு அன்று. 2022 அக்டோபர் 1 சனிக்கிழமை. திசம்பர் 31-உம் சனிக்கிழமை. அக்காலாண்டில் பதினான்கு சனி. அக்டோபரில் ஐந்து, நவம்பரில் நான்கு, திசம்பரில் ஐந்து. அடுத்த காலாண்டு 2023 சனவரி 1 ஞாயிற்றுக்கிழமை தொடங்கியது. அதில் மாதத்திற்கு நான்காகப் பன்னிரண்டு சனியே இருந்தன. வாரந்தோறும் ஒரே கூலியை வாங்கிய ஒருவரின் காலாண்டு வரவு, ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. அவர் குறைவாக உழைக்கவில்லை, கூலியும் குறையவில்லை. மாதத் தவணை கட்டும் வீட்டில் ஐந்து சனி வரும் மாதம் மூச்சு விடும் மாதம். தொடர்ந்து மூன்று மாதம் அப்படி ஒன்று வராமற்போனால் அதன் இறுக்கம் எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறுவதில்லை.

இருவாரக் கூலியாயின் வேறுபாடு இன்னும் கூர்மையாகும். ஆண்டிற்கு இருபத்தாறு சம்பள நாள். சில ஆண்டுகளில் இருபத்தேழு. ஒரு காலாண்டுக்குப் பெரும்பாலும் ஆறு அல்லது ஏழு. பிரித்தானிய வரி நிருவாகம் ஏப்பிரல் 6 முதல் ஏப்பிரல் 5 வரை ஆண்டைக் கொள்கிறது. அங்கு ஐம்பத்திரண்டு வாரம் கழிந்தபின் மிஞ்சும் நாளில் சம்பள நாள் விழுந்தால் அதனை ஐம்பத்து மூன்றாம் வாரம் எனத் தனியே பெயரிட்டு, அதற்கெனத் தனி விதியும் வைத்துள்ளனர். மிச்சத்தை மறைக்காமல் பெயர் சூட்டி ஏற்றுக்கொண்ட முறை அது.

கொல்லம் ஆண்டின் காலாண்டுகள்

கிரெகோரி நாட்காட்டியின் காலாண்டுகளே சீரற்றவை என்று எண்ணுவோர் கொல்லம் ஆண்டை நோக்க வேண்டும். கி.பி. 825-இல் தொடங்கும் கொல்லம் ஆண்டு நாஞ்சில் நாட்டுக் கல்வெட்டுகளிலும் ஓலைகளிலும் பெருவழக்காக உள்ளது. திருவிதாங்கூர் அரசின் ஆட்சி அறிக்கைகளும் அவ்வாண்டின்படியே அமைந்தன. அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் 1956 நவம்பர் 1-இல் தமிழ்நாட்டுடன் இணைந்த பின்பும் இங்குள்ள வீடுகளின் நாட்காட்டித் தாளில் கொல்லம் ஆண்டின் எண் நின்றுவிடவில்லை.

இது சூரியன் ஓர் இராசியிலிருந்து மற்றொன்றிற்குப் பெயர்வதை வைத்து மாதத்தை அறுதியிடும் முறை. எனவே மாத நீளம் மனிதர் வகுத்ததன்று, வானம் வகுத்தது. ஆரியபட்டர் வழிவந்த மரபுக் கணிதத்தில் மிதுனம் (ஆனி) 31 நாள் 36 நாழிகை 38 விநாழிகை. தனு (மார்கழி) 29 நாள் 20 நாழிகை 53 விநாழிகை. புவி சூரியனுக்கு மிகத் தொலைவில் இருப்பது சூலைத் தொடக்கத்தில். அப்போது அது மெதுவாகச் செல்வதால் சூரியன் ஓர் இராசியைக் கடக்க நெடுநாள் ஆகிறது. சனவரித் தொடக்கத்தில் இதன் மறுதலை நிகழ்கிறது.

ஒப்பீட்டிற்காகக் கொல்லம் ஆண்டைச் சிங்கத்திலிருந்து மும்மூன்று மாதமாகப் பகுத்துக் கூட்டினால் கிடைப்பவை இவை. சிங்கம், கன்னி, துலாம்: 91 நாள் 23 நாழிகை 39 விநாழிகை. விருச்சிகம், தனு, மகரம்: 88 நாள் 18 நாழிகை 33 விநாழிகை. கும்பம், மீனம், மேடம்: 91 நாள் 4 நாழிகை 17 விநாழிகை. இடவம், மிதுனம், கர்க்கடகம்: 94 நாள் 29 நாழிகை 2 விநாழிகை. நீண்டதற்கும் குறுகியதற்கும் ஆறு நாளுக்கு மேல் இடைவெளி. கிரெகோரிக் காலாண்டுகளில் அது இரண்டே நாள்.

இதன் விளைவு நோக்கத்தக்கது. மாதச் சம்பளம் பெறுபவருக்கு இடவம் முதல் கர்க்கடகம் வரையுள்ள மூன்று மாதச் சம்பளம் தொண்ணூற்று நான்கு அல்லது தொண்ணூற்றைந்து நாளைக் கடத்த வேண்டும். அதே தொகை விருச்சிகம் முதல் மகரம் வரை எண்பத்தெட்டு அல்லது எண்பத்தொன்பது நாளுக்கே. நீண்ட காலாண்டு தென்மேற்குப் பருவமழைக் காலம்; அதன் இறுதி மாதத்தையே மலையாள வழக்கு பஞ்சக் கர்க்கடகம் என்கிறது. அரிசிப் பானை வெறுமையாகும் பருவமும் மாதம் நீளும் பருவமும் ஒன்றாக அமைந்தன. பஞ்சத்திற்குக் காரணம் மாத நீளம் என்று இங்குக் கூற வரவில்லை. மழையும் போகங்களின் இடைவெளியுமே முதன்மைக் காரணங்கள். ஆனால் மாதத் தவணையில் வாழ்ந்தவருக்கு வானமும் இரண்டு மூன்று நாளைக் கூட்டிவைத்தது என்பது கணக்கு. வாரக் கூலி பெறுபவருக்கு இந்த இழப்பு இல்லை. நீண்ட காலாண்டில் அவருக்குப் பதினான்காவது சம்பள நாளும் வாய்க்கலாம். மாதச் சம்பளமே மேலானது என்னும் பொது எண்ணத்திற்கு இது ஒரு சிறிய மறுப்பு.

ஒரே வாரம், மூன்று கணக்கு

இனி நம் காலத்துச் சட்டத்திற்கு வரலாம். ஊதியம் வழங்கல் சட்டம், 1936 ஊதியக் காலம் ஒரு மாதத்தை மிஞ்சலாகாது என்றது. 2019-ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பு நாள், வாரம், இருவாரம், மாதம் என நான்கு ஊதியக் காலங்களை ஏற்று, வாரக் கூலியை வார விடுமுறைக்கு முந்தைய வேலை நாளிலேயே தந்துவிட வேண்டும் என்கிறது. சனிக்கிழமைச் சம்பளம் வழக்கம் மட்டுமன்று, சட்டத்தோடும் இயைந்தது.

எடுத்துக்காட்டாக 2023 மார்ச்சு 27 திங்கள் முதல் ஏப்பிரல் 1 சனி வரையுள்ள வாரத்தை எடுத்துக்கொள்வோம். மார்ச்சு 31 வெள்ளிக்கிழமை. ஆறு வேலை நாளில் ஐந்து பழைய நிதியாண்டில், ஒன்று புதியதில். இந்த எல்லை வாரம் எங்கே சேரும்?

முதல் விடை, உழைத்த நாளைக் கொள்வது. தமிழ்நாட்டில் குறைந்தபட்சக் கூலியோடு சேரும் அகவிலைப்படி ஆண்டுதோறும் ஏப்பிரல் 1 முதல் மாற்றியமைக்கப்படுகிறது. அதன்படி இவ்வாரத்தின் முதல் ஐந்து நாளுக்குப் பழைய வீதமும் சனிக்கிழமைக்குப் புதிய வீதமும் உரியவை. வாரம் நடுவே வெட்டப்படுகிறது. கணக்குப் பதிவியலும் இவ்வழியே செல்கிறது. மார்ச்சு 31 அன்று ஏடுகளை முடிக்கும் ஆலை, இன்னும் தரப்படாத ஐந்து நாள் கூலியைக் கொடுபட வேண்டிய செலவாகப் பழைய ஆண்டில் எழுதும். மேனிலைப் பள்ளியில் வணிகவியல் பயின்றோர் இச்சரிக்கட்டுதலை அறிவர்.

இரண்டாம் விடை, ஊதியக் காலத்தின் கடைசி நாளைக் கொள்வது. தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம், 1948-இன் 39-ஆம் பிரிவு இவ்வழியைக் கைக்கொள்கிறது. ஊதியக் காலமே பங்களிப்பின் அலகு; பங்களிப்பு வழக்கமாக அக்காலத்தின் இறுதி நாளில் செலுத்தத்தக்கதாகிறது. அந்த நாள் எந்த நாட்காட்டி மாதத்தில் விழுகிறதோ அம்மாதம் முடிந்தபின் பதினைந்து நாளுக்குள் முதலாளி தொகையைச் செலுத்த வேண்டும். நம் வாரத்தின் இறுதி நாள் ஏப்பிரல் 1. ஆகவே ஆறு நாளும் ஒருசேர ஏப்பிரலுக்குச் செல்கின்றன.

மூன்றாம் விடை, பணம் கைக்கு வந்த நாளைக் கொள்வது. இதனைப் பல்கலைக்கழகச் சூழலில் உள்ளோர் நன்கறிவர். மத்திய அரசு ஊழியரின் மாதச் சம்பளம் மாதத்தின் இறுதி வேலை நாளில் வழங்கப்படும். மார்ச்சுச் சம்பளம் மட்டும் ஏப்பிரலின் முதல் வேலை நாளில். அதனால் அவர்களது வருமான வரிக் கணக்கில் ஓராண்டு என்பது மார்ச்சுச் சம்பளத்தில் தொடங்கிப் பிப்பிரவரிச் சம்பளத்தில் முடிகிறது. உழைப்பு ஒரு காலாண்டிலும் பிடித்தம் மற்றொரு காலாண்டிலும் நிற்கின்றன. வாரக் கூலியில் சம்பள நாளும் காலத்தின் இறுதி நாளும் ஒன்றாதலால் இரண்டாம், மூன்றாம் விடைகள் பெரும்பாலும் ஒத்துப்போகும்.

நாள்களை எழுதும் பன்னாட்டுத் தரம் நான்காவதாக ஒரு வழியைக் காட்டுகிறது. அதில் வாரம் திங்கட்கிழமை தொடங்கும். அவ்வாரத்தின் வியாழக்கிழமை எந்த ஆண்டில் உள்ளதோ அந்த ஆண்டுக்கே வாரம் முழுவதும் உரியது. பெரும்பான்மை நாள் எங்கோ அங்கே என்பது அதன் கருத்து. இதைக் காலாண்டுக்கும் பொருத்தினால் நம் வாரம் மார்ச்சைச் சேரும், ஏனெனில் வியாழன் மார்ச்சு 30. நம் காப்பீட்டுச் சட்டமோ அதே வாரத்தை ஏப்பிரலில் வைக்கிறது. ஒரு முறை சரி, மற்றது பிழை என்று தீர்ப்பளிக்க முடியாது. ஒவ்வொன்றும் ஒரு தேவைக்காக வகுக்கப்பட்டது. வெட்டுவதற்கு நாள்தோறும் வருகைப் பதிவு வேண்டும். கடைசி நாளைக் கொள்வதற்குச் சம்பளச் சீட்டு ஒன்றே போதும்.

எழுபத்தெட்டு நாள்

எல்லை வாரம் உண்மையில் யாரைத் தொடும் என்பதைக் காப்பீட்டுச் சட்டமே தெளிவாகக் காட்டுகிறது. 1952 பிப்பிரவரி 24-இல் தில்லியிலும் கான்பூரிலும் நடைமுறைக்கு வந்த இத்திட்டத்தின் மூலச் சட்டத்தில் பங்களிப்பின் அலகு வாரமே. வாரம் என்பது சனிக்கிழமை நள்ளிரவில் தொடங்கும் ஏழு நாள் என்று வரையறையும் இருந்தது. 1989-ஆம் ஆண்டுத் திருத்தம் வாரத்தை நீக்கி ஊதியக் காலத்தை அவ்விடத்தில் வைத்தது. இவ்வேற்பாடுகள் பின்னர் 2020-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பினுள் கொண்டுவரப்பட்டன. இங்கு எடுத்துக்கொள்வது 1948 சட்டத்தின் சொல்லமைப்பையும் அதன் விதிகளையுமே.

ஏப்பிரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை ஒரு பங்களிப்புக் காலம். அதற்குரிய பயன்பெறும் காலம் அடுத்த சனவரி 1 முதல் சூன் 30 வரை. அக்டோபர் 1 முதல் மார்ச்சு 31 வரை மற்றொன்று. அதற்குரியது அடுத்து வரும் சூலை 1 முதல் திசம்பர் 31 வரை. நோய்க்கால உதவி பெற, உரிய பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாளுக்குப் பங்களிப்பு இருக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்தவரின் முதற்காலம் 156 நாளுக்குக் குறைவாக இருந்தால், வேலைக்குரிய நாள்களில் பாதி போதும். உதவி, நாள் ஊதியச் சராசரியில் எழுபது விழுக்காடு என, ஆண்டிற்கு 91 நாள் வரை.

இந்த எண்களைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 156 என்பது இருபத்தாறு வாரத்தின் ஆறு வேலை நாள்கள். 78 என்பது பதின்மூன்று வாரத்தின் ஆறு வேலை நாள்கள். 91 என்பது பதின்மூன்று முழு வாரம். சட்டத்தின் சொல்லிலிருந்து வாரம் அகற்றப்பட்டாலும் எண்ணிலிருந்து அகலவில்லை. மூன்று எண்ணும் காலாண்டின் மடங்குகளே; அதுவும் மாதத்தால் அளந்த காலாண்டு அன்று, வாரத்தால் அளந்த காலாண்டு.

அரையாண்டைத் தேர்ந்ததில் ஒரு நன்மையும் உண்டு. அக்டோபர்–மார்ச்சு 182 நாள். அது மிச்சமின்றி இருபத்தாறு வாரம். எந்த ஆண்டிலும் அதில் சனிக்கிழமை இருபத்தாறுக்குக் குறையாது. மிகுநாள் ஆண்டில் ஒரு கிழமை இருபத்தேழாகும். ஏப்பிரல்–செப்டம்பர் 183 நாள். அதில் இருபத்தாறு அல்லது இருபத்தேழு. காலாண்டில் பன்னிரண்டுக்கும் பதினான்குக்கும் இடையே ஆடிய எண்ணிக்கை இங்கு அடங்கிவிடுகிறது. மேலே கண்ட 14 சனியும் 12 சனியும் ஒரே பங்களிப்புக் காலத்தில் அமைந்து இருபத்தாறாகச் சமன் செய்துகொண்டன. ஆண்டைச் சனவரி–சூன், சூலை–திசம்பர் எனப் பிளந்திருந்தால் முதற்பாதி மிகுநாள் இல்லாத ஆண்டில் 181 நாளாகி, ஒரு கிழமைக்கு இருபத்தைந்தே வாய்த்திருக்கும். ஏப்பிரலில் தொடங்கும் நிதியாண்டு வேறு காரணங்களால் வந்தது. வாரக் கூலியாளருக்கு அது தற்செயலாகத் துணை நின்றது.

வாரம் மூன்று நாள் வேலை உள்ளவருக்கு இருபத்தாறு வாரத்தில் கிடைப்பது சரியாக 78. ஒரு நாள் கூட உபரி இல்லை. முந்திரித் தொழிலில் இந்த எண் எத்தகைய எண் என்பதை உணர, கொட்டை வரத்து நின்றால் ஆலை நிற்கும் என்பதை நினைத்தால் போதும். தோட்டத்து விளைச்சல் போதாமையால் இறக்குமதிக் கொட்டையை நம்பிய தொழில் அது. கப்பல் தாமதம், விலை ஏற்றம், கடன் முடக்கம் ஆகிய எதுவும் இங்குள்ள பெண்ணின் வருகைப் பதிவில் வெற்றிடமாகவே முடியும்.

இப்போது எல்லை வாரத்தை மீண்டும் கொணர்வோம். கற்பனையாக ஒரு தொழிலாளி. 2022 செப்டம்பர் கடைசி வாரம் முழுவதும் ஆலை மூடல். அக்டோபர் 1 சனி முதல் 2023 மார்ச்சு 25 சனி வரை விட்டு விட்டு அவருக்கு 75 நாள் வேலை. மார்ச்சு 27 முதல் ஏப்பிரல் 1 வரை ஆறு நாளும் வேலை. உழைத்த நாளை எண்ணினால் மார்ச்சு 31-இல் அவரது கணக்கு 80, தகுதி உண்டு. ஊதியக் காலத்தின் கடைசி நாளைக் கொண்டால் 75, தகுதி இல்லை. 2023 சூலை முதல் திசம்பர் வரை ஆறு மாதம் நோயுற்றால் அவருக்கு நோய்க்கால உதவி இல்லை. ஐந்து நாளும் காற்றில் கரைந்துவிடவில்லை. அடுத்த காலத்தின் கணக்கில் உள்ளன. அந்த அடுத்த காலமோ ஏப்பிரல் 1 சனியில் தொடங்கிச் செப்டம்பர் 30 சனியில் முடிந்து இருபத்தேழு சனி பெற்ற காலம். இருப்பவனிடத்தே மேலும் சேர்ந்தது.

சீராக வேலை உள்ளவருக்கு இதனால் இழப்பு இல்லை. அக்டோபர் 1 சனியில் முடிந்த வாரம் செப்டம்பரின் ஐந்து நாளை முன்னரே கொண்டுவந்து தந்திருக்கும். இறுதியில் போவதற்கு முதலில் வந்தது ஈடாகும். வேலை அறுந்து அறுந்து வருபவருக்கே வந்தது இல்லாமல் போவது மட்டும் நேரலாம். எண்ணும் முறை எல்லார்க்கும் ஒன்றே. அதன் மிச்சம் மட்டும் எல்லார்மீதும் ஒன்றாக விழுவதில்லை. இதற்கு முதலாளியின் தீய எண்ணம் தேவையில்லை. கணக்கரின் கவனக் குறைவும் தேவையில்லை. மாதக் கணக்கில் படிவம் நிரப்பும் ஆலை மார்ச்சின் ஐந்து நாளை மார்ச்சிலேயே எழுதியிருந்தால் முடிவு மாறியிருக்கும். அப்போது அது சட்டச் சொல்லோடு முரணும். தொழிலாளிக்கு நன்மையும் தரும். அருகருகே உள்ள இரு ஆலைகள் இரு வழக்கங்களைக் கைக்கொண்டால், ஒரே அளவு உழைத்த இருவரில் ஒருவர் தகுதி பெறுவார், மற்றவர் பெறார்.

நாட்காட்டியையே திருத்தினால்

சிக்கலின் வேரைக் களையலாம் என முயன்றோரும் உண்டு. மோசசு காட்சுவர்த்து வகுத்த பதின்மூன்று மாத நாட்காட்டியில் ஒவ்வொரு மாதமும் 28 நாள். கோடாக் நிறுவனம் 1928 முதல் 1989 வரை தன் உள்கணக்கிற்கு அதனைப் பயன்படுத்தியது. மாதம் வாரத்தில் அடங்கியது. பதின்மூன்றை நான்கால் வகுக்க முடியாமையால் காலாண்டு மாத நடுவே முறிந்தது. சில்லறை வணிக நிறுவனங்கள் சில காலாண்டை நான்கு, நான்கு, ஐந்து வாரமாக அமைத்துக்கொள்கின்றன. அவையும் ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை ஒரு வாரத்தைக் கூடுதலாகச் செருகியே வழுவைத் தீர்க்கின்றன.

எலிசபெத்து அக்கெலிசு 1930 முதல் பரப்பிய உலக நாட்காட்டி இவற்றுள் நமக்கு நெருக்கமானது. அதில் ஒவ்வொரு காலாண்டும் 31, 30, 30 என 91 நாள். ஞாயிறு தொடங்கிச் சனியில் முடியும். எல்லை வாரம் என்பதே இல்லை. இந்திய நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவின் தலைவரான மேகநாத சாகா, 1954-இல் செனீவாவில் ஐக்கிய நாடுகளின் பொருளாதார சமூக அவையில் இத்திட்டத்திற்காக வாதாடினார். மிஞ்சும் ஒரு நாளை எந்தக் கிழமையும் இல்லாத நாளாக வாரத்திற்கு வெளியே நிறுத்துவதே அதன் உத்தி. ஏழாம் நாளை ஓய்வு நாளாகக் கொண்ட சமயங்கள் அதனை எதிர்த்தன, திட்டம் நின்றது. கிழமைச் சுழற்சி இடையறாது வருவது. அதில் கை வைப்பது எளிதன்று. சாகா குழுவின் பரிந்துரையால் 1957 மார்ச்சு 22 முதல் நடைமுறைக்கு வந்த தேசிய நாட்காட்டியும் மாதங்களைச் சீராக்கியதே தவிர வாரத்தை அடக்கவில்லை. அதன் காலாண்டுகள் 92, 93, 90, 90 நாள்.

சீட்டில் இருக்க வேண்டுவன

எனவே எல்லை வாரம் இருக்கத்தான் போகிறது. 2024 மார்ச்சு 31 ஞாயிற்றுக்கிழமையாக அமைந்து, திங்கள் முதல் சனி வரையுள்ள வேலை வாரத்தை வெட்டாமல் விட்டது. அத்தகைய ஆண்டுகள் அரிது. 2026 செப்டம்பர் 30 புதன்கிழமை. அவ்வாரம் மூன்றும் மூன்றுமாகப் பிளவுபடும். 2027 மார்ச்சு 31-உம் புதன்கிழமையே.

வாரக் கூலிச் சீட்டில் பொதுவாகத் தொகையும் தேதியும் இருக்கும். தொழிலாளிக்கு வேண்டுவன வேறு மூன்று: ஊதியக் காலம் தொடங்கிய நாள், முடிந்த நாள், நடப்புப் பங்களிப்புக் காலத்தில் அன்று வரை சேர்ந்த நாள்களின் எண்ணிக்கை. மூன்றாவது இருந்தால், எழுபத்தைந்தில் நிற்பவர் தாம் எங்கு நிற்கிறோம் என்பதை மார்ச்சு 25 மாலையே அறிவார். எல்லை வாரத்திற்கு முந்தைய வாரங்களில் கூடுதலாக மூன்று நாள் கேட்டுப் பெறவும் அவருக்கு வழியிருக்கும். காப்பீட்டுக் கழகத்தின் பக்கமிருந்து வேண்டுவது, எல்லை வாரத்தின் நாள்களை உழைத்த நாள்படி பிரிப்பதா, இறுதி நாள்படி சேர்ப்பதா என்பதைப் படிவத்திலேயே தமிழில் ஒரு வரியாக அச்சிடுவது.

கட்டுரையாளரின் வீட்டுச் சுவரில் தொங்கிய நாட்காட்டியில், வேலைக்குப் போன நாளைப் பென்சிலால் வட்டமிட்டு வைக்கும் பழக்கம் இருந்தது. மாதம் முடிந்ததும் தாளைக் கிழித்துவிடுவார்கள். செப்டம்பர் தாளும் மார்ச்சுத் தாளும் மட்டும் அடுத்த சம்பளம் வரும்வரை ஆணியிலேயே இருக்கும்.